பல் பிடுங்கும் முன் போடும் அந்த ஊசி... மாணவர்களின் கை நடுக்கம் போக என்ன வழி?

"பல் டாக்டரிடம் போக ஏன் பயம்?" என்று யாரைக் கேட்டாலும், பல்லைப் பற்றிப் பேச மாட்டார்கள். "அந்த ஊசியை நினைச்சாலே..." என்றுதான் இழுப்பார்கள்.

ஆனா அந்த ஊசிக்குப் பயப்படுவது நாற்காலியில் சாய்ந்திருப்பவர் மட்டுமல்ல. எதிரே ஊசியைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் பல் மருத்துவ மாணவராக இருந்தால், அவருக்கும் அடிவயிற்றில் அதே கலக்கம் இருக்கும். மாஸ்க் போட்டிருப்பதால் நமக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

இந்தக் கலக்கத்தை எப்படிப் போக்குவது? உலகம் முழுக்க பல் மருத்துவக் கல்லூரிகள் யோசித்துக்கொண்டிருக்கும் கேள்வி இது. கேட்க மாணவர்களின் சொந்தப் பிரச்சனை மாதிரி தெரியும். ஆனா அந்த முதல் ஊசி யார் வாயில் இறங்குகிறது என்று பார்த்தால், இது நம்ம பிரச்சனை.

குலசேகரம் ஓ.பி. வரிசையில் யார்?

கன்னியாகுமரி மாவட்டத்தில் அரசுப் பல் மருத்துவக் கல்லூரி கிடையாது. சென்னை, சிதம்பரம், 2023-ல் திறக்கப்பட்ட புதுக்கோட்டை என்று தமிழ்நாட்டின் அரசுக் கல்லூரிகள் எல்லாமே இங்கிருந்து வெகுதூரம். மாவட்டத்துக்குள் இருப்பது குலசேகரத்தில் உள்ள ஸ்ரீ மூகாம்பிகா பல் மருத்துவக் கல்லூரி. தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்கும் தனியார் கல்லூரி.

குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டும் தொழிலாளர்கள் அதிகம். கீழே இறங்கினால் குளச்சல், முட்டம் என்று கடலோரக் கிராமங்கள். 1838-லேயே நெய்யூரில் மிஷன் மருத்துவம் தொடங்கிய மாவட்டம் இது. ஆஸ்பத்திரி இந்த ஊர்க்காரர்களுக்குப் புதுசு இல்லை. ஆனா பல் வலி என்றால் கிராம்பை வைத்து, உப்புத் தண்ணீர் கொப்பளித்து, மாத்திரை வாங்கிப் போட்டு, கன்னம் வீங்கிய பிறகு கிளம்புவதுதான் எல்லா ஊரிலும் நடப்பது.

தனியார் கிளினிக்கில் ஆகும் செலவை நினைத்து, கல்லூரி மருத்துவமனைக்கு வருபவர்கள் நிறைய. எந்தப் பல் மருத்துவக் கல்லூரியாக இருந்தாலும் இதுதான் ஏற்பாடு: நோயாளிக்குக் குறைந்த செலவில் சிகிச்சை, மாணவருக்குக் கற்றுக்கொள்ள ஒரு வாய்ப்பு. ரெண்டு பக்கமும் லாபம்தான். ஒரே ஒரு சிக்கல், முதல் ஊசி வலித்துவிட்டால் பால் வெட்டப் போக வேண்டிய அந்த மனிதர் அடுத்த தடவை வர மாட்டார். அடுத்த பல் சொத்தையாகி, சீழ் கட்டி, தாடை வீங்கும்வரை வீட்டிலேயே இருப்பார்.

'மயக்க ஊசி'யே தப்பான பேர்

இங்கே ஒரு சின்ன இடைச்செருகல். தமிழ் படித்துவிட்டு நியூஸ் டெஸ்க்கில் உட்கார்ந்திருப்பவனுக்கு இதைச் சொல்லாமல் நகர முடியவில்லை. லோக்கல் அனஸ்தீசியாவை நாம் சாதாரணமாக 'மயக்க ஊசி' என்கிறோம். செய்தியிலும் அப்படித்தான் எழுதுகிறோம், நான் உட்பட. ஆனா இதில் மயக்கமே கிடையாது. ஆள் முழு நினைவோடு இருப்பார். ஒரு பகுதி மட்டும் மரத்துப்போகும். 'மரப்பு ஊசி' என்று சொன்னாலே பாதிப் பேருக்குப் பயம் குறையும். "மயக்க ஊசி போட்டு எழுந்திரிக்காமப் போயிட்டா?" என்று கேட்கும் பாட்டிகளை ஒவ்வொரு ஓ.பி.யிலும் பார்க்கலாம். அந்தப் பயத்தில் நம்ம சொல்லுக்கும் பங்கு உண்டு.

உள்ளே இருக்கும் மருந்து பெரும்பாலும் லிக்னோகைன். ஸ்வீடனில் நில்ஸ் லோஃப்கிரன் என்ற வேதியியலாளர் 1943-ல் உருவாக்கியது. நம்ம ஊர் பல் நாற்காலிகளில் 2 சதவீத லிக்னோகைனோடு 80,000-ல் ஒரு பங்கு அட்ரினலின் கலந்த மருந்து சகஜம். அட்ரினலின் அந்த இடத்து ரத்தக் குழாய்களைச் சுருக்கும். மருந்து சீக்கிரம் ரத்தத்தில் கலந்து ஓடிவிடாமல் அங்கேயே தங்கும்.

மேல் பல் சுலபம். கீழ்க் கடைவாய்தான் எமன்

மாணவர்கள் பயப்படுவது எல்லா ஊசிக்கும் இல்லை. மேல் தாடை எலும்பு மெல்லியது, நுண்துளைகள் உள்ளது. பல்லுக்குப் பக்கத்து ஈறில் மருந்தைப் போட்டால் எலும்பு வழியாகக் கசிந்து நரம்பைத் தொட்டுவிடும். ஒரு வீட்டு லைட்டை அந்த வீட்டுச் சுவிட்சிலேயே அணைப்பது போல.

கீழ்த்தாடையின் கடைவாய்ப் பக்கம் எலும்பு கெட்டி. மருந்து ஊடுருவாது. அதனால் மொத்தத் தெருவுக்கும் போகும் லைனை டிரான்ஸ்ஃபார்மரிலேயே நிறுத்த வேண்டும். அதாவது, கீழ்த்தாடை நரம்பு எலும்புக்குள் நுழையும் வாசலுக்குப் பக்கத்தில், வாயின் பின்பக்க உள்சுவரில் ஊசியை இறக்கணும். நரம்பு கண்ணுக்குத் தெரியாது. கட்டை விரலால் எலும்பின் பள்ளத்தைத் தடவி, உள்ளே தெரியும் ஒரு சதை மடிப்பைப் பார்த்து, எதிர்ப்பக்க முன்கடைவாய்ப் பற்களுக்கு மேலே இருந்து சிரிஞ்சைச் சாய்த்து, 20 முதல் 25 மில்லிமீட்டர் ஆழம் போய், நுனி எலும்பைத் தொட்டதும் கொஞ்சம் பின்னால் இழுத்து, ரத்தம் வருகிறதா என்று உறிஞ்சிப் பார்த்து, பிறகு சுமார் ஒரு நிமிடம் எடுத்துக்கொண்டு மெதுவாகச் செலுத்தணும்.

படிக்கும்போதே மூச்சு வாங்குதா? இதையெல்லாம் ஒருவர் வாயைத் திறந்துவைத்துக்கொண்டு உங்களையே பார்த்துக்கொண்டிருக்கும்போது செய்யணும்.

எலும்பைத் தொடாமல் ரொம்பப் பின்னால் போய்விட்டால், மருந்து காதுக்குக் கீழே உள்ள உமிழ்நீர்ச் சுரப்பிக்குள் போய், முக நரம்பு சில மணி நேரத்துக்கு வேலை செய்யாமல் போகலாம். கண் மூடாது, வாய் ஒரு பக்கம் கோணும். மருந்தின் வீரியம் போனதும் சரியாகிவிடும். ஆனா அந்தச் சில மணி நேரம் நோயாளிக்கும் மாணவருக்கும் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

முக்கியமான விஷயம் ஒன்று. இந்தக் கீழ்த்தாடை ஊசி 15 முதல் 20 சதவீதம் தோற்கும் என்று உலகம் முழுக்கப் படிக்கப்படும் மலமெட் பாடப்புத்தகமே சொல்கிறது. நரம்பின் பாதை ஆளுக்கு ஆள் மாறும். சீழ் பிடித்த பல் என்றால் அந்த இடத்தின் அமிலத்தன்மை கூடி, சரியான இடத்தில் போட்ட மருந்துகூட ஒழுங்காக வேலை செய்யாது. இதை முன்கூட்டியே ஒரு மாணவரிடம் யாரும் உட்காரவைத்துச் சொல்லவில்லை என்றால் என்ன ஆகும்? முதல் ஊசி பிடிக்காமல் போனதும் "எனக்கு இது வராது" என்று முடிவு கட்டிவிடுவார். பிரச்சனை பல்லில் இருந்தாலும் பழியைத் தன் கைமேல் போட்டுக்கொள்வார்.

முதல் ஊசி யாருக்கு?

இந்த ஊசியின் வரலாறே மாணவர்களும் டாக்டர்களும் தங்களுக்குள் குத்திக்கொண்டதில்தான் தொடங்குகிறது. 1884-ல் கார்ல் கோலர் கண் அறுவை சிகிச்சைக்கு கோகைனைப் பயன்படுத்திக் காட்டியதும், அதே ஆண்டு நியூயார்க்கில் வில்லியம் ஹால்ஸ்டெட்டும் அவரது சகாக்களும் அதை நரம்புக்குப் பக்கத்தில் செலுத்திப் பார்த்தார்கள். ஒருவருக்கொருவர் போட்டுக்கொண்டுதான் பரிசோதனை. கீழ்த்தாடை நரம்பை மரக்கவைத்த முதல் ஊசிகள் அவர்களுடையவை. விலையும் கொடுத்தார்கள், ஹால்ஸ்டெட் கோகைனுக்கு அடிமையானார்.

மருந்து மாறிவிட்டது. பழக்கம் தொடர்கிறது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பல கல்லூரிகளில் மாணவர் போடும் முதல் ஊசி சக மாணவருக்குத்தான். ஆம்ஸ்டர்டாம் பல் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் ஐரோப்பியக் கல்லூரிகளில் இந்தப் பாடம் எப்படி நடக்கிறது என்று கணக்கெடுத்து 2008-ல் வெளியிட்டார்கள். எப்போது தொடங்குவது, முதலில் யாருக்குப் போடுவது என்பதில் கல்லூரிக்குக் கல்லூரி வழக்கம் வேறுபடுகிறது.

நண்பனுக்குப் போடுவதில் பெரிய நன்மை ஒன்று உண்டு. அடுத்த பத்தாவது நிமிடம் அதே ஊசி உங்களுக்கு வரப்போகிறது. அவசரமாக அழுத்தினால் எப்படி வலிக்கும், உதடு தடித்துப்போனது போல இருப்பது எப்படி இருக்கும், எச்சில் விழுங்கும்போது என்ன பயம் வரும் என்று உடம்பே கற்றுக்கொடுக்கும். பிறகு நோயாளியிடம் "ஒண்ணும் ஆகாது" என்று சும்மா சொல்ல மாட்டீர்கள்.

ஆனா எதிர்ப்பும் நியாயமானது. நோய் இல்லாத ஒருவருக்கு எதற்கு ஊசி? நரம்பு பாதித்தால் யார் பொறுப்பு? "விருப்பம் இருந்தா மட்டும் போடலாம்" என்று சொன்னாலும், வகுப்பில் எல்லோரும் கையை நீட்டும்போது ஒரு மாணவி மட்டும் மறுக்க முடியுமா? இன்டர்னல் மார்க் போடும் பேராசிரியர் எதிரில் கேட்கப்படும் சம்மதம் எவ்வளவு சம்மதம்? நம்ம ஊர் சூழலில் இது சின்னக் கேள்வி இல்லை.

நம்ம நாட்டில் பல கல்லூரிகளில் என்ன நடக்கிறது? இரண்டும் இல்லை. வகுப்பில் படம் பார்ப்பார்கள், மண்டையோட்டில் இடம் பார்ப்பார்கள், சீனியர் போடுவதைப் பக்கத்தில் நின்று பார்ப்பார்கள். அப்புறம் நேராக நோயாளி. நான்கு ஆண்டு பி.டி.எஸ். படிப்பில் மூன்றாம், நான்காம் ஆண்டுகளில்தான் நோயாளிகளிடம் வேலை. ஒவ்வொரு துறையிலும் முடிக்க வேண்டிய 'கோட்டா' வேறு தலைக்கு மேல் நிற்கும். கூட்டம் அதிகமான நாளில் ஒரு ஆசிரியர் எத்தனை நாற்காலியைப் பார்ப்பார்?

வெளியூரில் நான் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு கல்லூரி மருத்துவமனையில் கீழ்க் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கப் போனேன். கல்லூரி பேர் வேண்டாம். என் வயசுதான் இருக்கும் அந்த மாணவருக்கு. முதல் ஊசி. ஐந்து நிமிடம் கழித்து "மரத்துச்சா?" என்றார். "லேசா..." என்றேன். இன்னொன்று. இன்னும் லேசா. மூன்றாவது ஊசிக்கு முன் அவர் ஆசிரியரைத் தேடித் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஆசிரியர் வந்தார், கோணத்தைக் கொஞ்சம் மாற்றினார், இரண்டே நிமிடத்தில் உதடு காணாமல் போனது. எனக்குக் கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். ஆனா இப்போது யோசித்தால், ஆசிரியர் முதல் ஊசிக்கே பக்கத்தில் இருந்திருந்தால் எனக்கும் வலி மிச்சம், அந்த மாணவருக்கும் அவமானம் மிச்சம்.

தைரியம் வேற, திறமை வேற

இந்தத் துறையில் வரும் ஆய்வுகளில் பெரும்பாலானவை மாணவர்களிடம் ஒரு படிவத்தைக் கொடுத்து, "ஊசி போடுவதில் உங்களுக்கு எவ்வளவு நம்பிக்கை? 1 முதல் 5 வரை" என்று கேட்பவை. பயிற்சிக்கு முன் 2, பயிற்சிக்குப் பின் 4 என்று வந்தால் வெற்றி. பயனுள்ள தகவல்தான். ஆனா இதை அப்படியே நம்பக்கூடாது என்பது என் கருத்து.

காரணம் இருக்கிறது. டாக்டர்கள் தங்கள் திறமையைத் தாங்களே எடைபோடுவது எவ்வளவு சரியாக இருக்கிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஒரு கட்டுரை 2006-ல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்தது. சுய மதிப்பீட்டுக்கும் உண்மையான திறமைக்கும் பொருத்தம் குறைவு என்பதுதான் அதன் முடிவு. கை நடுங்கும் மாணவரைவிட, உறிஞ்சிப் பார்க்காமல் சட்டென்று அழுத்திவிடும் 'தைரியசாலி' ஆபத்தானவர். இந்த ஊசியில் நுனி ரத்தக் குழாய்க்குள் போவதற்கு 10 முதல் 15 சதவீதம் வாய்ப்பு உண்டு. உறிஞ்சிப் பார்த்தால் சிரிஞ்சில் சிவப்பு தெரியும், இடம் மாற்றிவிடலாம். பார்க்காமல் போட்டால் மருந்து நேராக ரத்தத்தில் கலக்கும்.

அதனால் நடுக்கத்தை மட்டும் குறைத்தால் போதாது. எதற்கு நடுங்கணும், எதற்கு வேண்டாம் என்று தெரிய வேண்டும்.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. 2 சதவீத மருந்தில் ஒரு மில்லிக்கு 20 மில்லிகிராம் லிக்னோகைன். அட்ரினலின் கலந்த மருந்தில் பெரியவர்களுக்கு உச்ச அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 7 மில்லிகிராம். 50 கிலோ ஆளுக்கு 350 மில்லிகிராம், அதாவது சுமார் 17 மில்லி. ஒரு பல்லுக்கு ரெண்டு மூணு மில்லி போடுபவர் இந்த எல்லைக்குப் பக்கத்தில்கூடப் போவதில்லை. ஆனா குழந்தைகளுக்குக் கிலோவுக்கு 4.4 மில்லிகிராம் என்ற கணக்கைத்தான் பின்பற்றுகிறார்கள். 15 கிலோ குழந்தைக்கு 66 மில்லிகிராம், அதாவது 3.3 மில்லி. 2 மில்லி சிரிஞ்சை ரெண்டாவது தடவை முழுசாக நிரப்பினாலே எல்லை தாண்டியாச்சு. "முதல் ஊசி பிடிக்கலை, இன்னொன்னு போடுவோம்" என்பது பெரியவருக்குச் சாதாரணம், குழந்தைக்கு அப்படி இல்லை. இந்தக் கணக்கு மனப்பாடமாக இருக்கும் மாணவர் தெளிவோடு பயப்படுவார்.

அப்போ எது வேலை செய்யும்?

ஊசி சரியான இடத்தைத் தொட்டால் சத்தமோ விளக்கோ கொடுக்கும் பொம்மைத் தாடைகள் இருக்கின்றன. கண்ணாடி மாட்டிக்கொண்டு பழகும் மெய்நிகர் கருவிகளும் வந்துவிட்டன. வாங்க முடிந்தால் நல்லது. ஆனா பொம்மை எச்சில் விழுங்காது, நாக்கைத் தூக்காது, "அம்மா" என்று கத்தாது. கோணம் பழக அது போதும். ஆளைக் கையாளப் பழக, ஆள்தான் வேண்டும்.

1990-ல் ஜார்ஜ் மில்லர் மருத்துவக் கல்விக்கு ஒரு நான்கு படிகளைச் சொன்னார்: தெரியும், எப்படி என்று தெரியும், செய்து காட்டுவார், நிஜத்தில் செய்வார். நம்ம தேர்வுகள் முதல் ரெண்டு படியிலேயே நின்றுவிடுகின்றன. நாடாளுமன்றம் 2023-ல் நிறைவேற்றிய தேசிய பல் மருத்துவ ஆணையச் சட்டத்தில், படிப்பு முடிக்கும்போது எழுத வேண்டிய 'நெக்ஸ்ட்' தேர்வு இடம்பெற்றிருக்கிறது. அது நாலு விடையில் ஒன்றை டிக் அடிக்கும் தேர்வாக மட்டும் இருந்தால், இறுதியாண்டு மாணவர்கள் நாற்காலியை விட்டுவிட்டு கோச்சிங் சென்டருக்குப் போவார்கள். நீட் முதுநிலைத் தேர்வில் இதைத்தானே பார்த்துக்கொண்டிருக்கிறோம்?

செலவில்லாத வழிகளும் உண்டு. மேல்தாடையில் சுலபமான ஊசிகளில் பத்து இருபது தடவை கை பழகிய பிறகு கீழ்த்தாடைக்குப் போவது. முதல் சில ஊசிகளுக்கு ஆசிரியர் நாற்காலிப் பக்கத்திலேயே நிற்பது. ஊசி முடிந்ததும் ரெண்டு நிமிடம், "கோணம் சரி, ஆனா வேகம் அதிகம்" என்று சொல்வது. பிடித்ததா, பிடிக்கவில்லையா, ஏன் என்று மாணவர் ஒரு நோட்டில் எழுதிவைப்பது. கோட்டாவுக்கு எண்ணிக்கை எழுதும் நோட்டு எல்லோரிடமும் இருக்கிறது. தோற்ற ஊசிகளை எழுதும் நோட்டுதான் இல்லை.

தோற்றால் அடுத்து என்ன என்பதையும் முதலிலேயே சொல்லிக்கொடுக்கணும். வாயை அகலத் திறக்க முடியாதவருக்கு, மூடிய வாயிலேயே போடும் முறை இருக்கிறது. 1960-ல் வசிரானியும் 1977-ல் அகினோசியும் விவரித்ததால் ரெண்டு பேர் பேரையும் சேர்த்தே சொல்வார்கள். பாக்கு, பான் மசாலா போட்டுப் போட்டு வாய் இறுகிப்போனவர்கள் நம்ம ஓ.பி.க்களில் குறைவா என்ன? மாற்று வழி கையில் இருக்கிறது என்று தெரிந்தாலே முதல் ஊசியில் பாதிப் பதற்றம் போய்விடும்.

சுத்தத்தையும் இதே பாடத்தில் சேர்க்க வேண்டும். 2023-ல் திருப்பத்தூர் மாவட்டம் வாணியம்பாடியில் ஒரு பல் கிளினிக்கோடு தொடர்புடைய மூளைத் தொற்றில் 8 பேர் இறந்ததை, வேலூர் சி.எம்.சி. உள்ளிட்ட நிறுவனங்களின் ஆய்வு 2025-ல் வெளிக்கொண்டுவந்தது. அங்கே சந்தேகத்துக்குள்ளானது மரப்பு மருந்து இல்லை. சுத்தம் செய்யாத கருவியால் திறந்து, திரும்பத் திரும்பப் பயன்படுத்தப்பட்ட சலைன் பாட்டில். ஆனா நம்ம ஊரில் பல இடங்களில் லிக்னோகைனும் 30 மில்லி குப்பியில் வந்து பல பேருக்குப் பகிரப்படுவதுதான். ஒருவருக்குக் குத்திய ஊசி மறுபடி அந்தக் குப்பிக்குள் போகவே கூடாது. கூட்ட நெரிசலில், பதற்றத்தில் இருக்கும் மாணவர் முதலில் மறப்பது இதைத்தான்.

"சுண்டு மரத்துச்சா?"

ஊசி பிடித்ததா என்று அறிய முதல் சோதனை, கீழுதடு மரத்துவிட்டதா என்று கேட்பது. கேட்பது எந்தத் தமிழில்? குமரி மாவட்டத்துக் கிராமங்களில் உதட்டைச் 'சுண்டு' என்று சொல்பவர்கள் உண்டு. வெளி மாவட்டத்திலிருந்து வந்த மாணவர் "லிப் நம்ப் ஆச்சாம்மா?" என்று கேட்டால், பாட்டி சும்மா தலையாட்டிவிடுவார். டாக்டர் கேட்டால் "ஆமா" சொல்வதுதான் மரியாதை என்ற நினைப்பு. பல்லைப் பிடித்து இழுக்கும்போதுதான் உண்மை தெரியும்.

"சுண்டு கனமா, தடிச்ச மாதிரி இருக்கா? இடது பக்கமும் வலது பக்கமும் ஒரே மாதிரி இருக்கா, வித்தியாசமா இருக்கா?" என்று கேட்டால் பதில் சரியாக வரும். கூடவே ஈறைக் கருவியால் தொட்டும் பார்க்கணும். பாடப்புத்தகத்தில் இல்லாத இந்த நாலு வார்த்தையை எந்தச் சிமுலேட்டரும் சொல்லித்தராது. வார்டு அக்காவிடம்தான் கேட்கணும்.

நாம் நாற்காலியில் உட்காரும்போது?

மாணவர் சிகிச்சை தருகிறார் என்பதை நம்மிடம் சொல்ல வேண்டும். என்ன செய்கிறார்கள், என்ன ஆபத்து, வேறு வழி உண்டா என்று தெரிந்துகொண்டு சம்மதிப்பது நோயாளியின் உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2008-ல் சமீரா கோலி வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. "தம்பி, உங்க சார் பக்கத்துல இருப்பாரா?" என்று கேட்பதில் தப்பே இல்லை. கேட்டதற்காக அந்த மாணவர் கோபப்பட மாட்டார். அநேகமாக அவர் மனசுக்குள்ளும் அதே கேள்விதான் ஓடிக்கொண்டிருக்கும்.

பிரஷர், இதய நோய், சர்க்கரை, கர்ப்பம், முன்பு ஊசிக்கு மயங்கி விழுந்தது, எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாமல் போனது - எல்லாவற்றையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். டாக்டர் வேறு மாதிரி சொல்லாதவரை வெறும் வயிற்றோடு போகாதீர்கள். பல் நாற்காலியில் அதிகம் நடக்கும் 'எமர்ஜென்சி' மருந்தால் வருவதல்ல. பயத்தில், பசியில் தலைசுற்றி மயங்குவதுதான். படுக்கவைத்துக் காலைத் தூக்கிவிட்டால் பெரும்பாலும் சில நிமிடத்தில் சரியாகிவிடும். வலித்தால் கையை உயர்த்துங்கள், தலையை மட்டும் அசைக்காதீர்கள். உள்ளே இருப்பது ஊசி.

குழந்தையைக் கூட்டிப்போனவர்களுக்கு இன்னொன்று. உதடு மரத்திருக்கும் ரெண்டு மூணு மணி நேரம், பிள்ளை அதை ரப்பர் மாதிரி கடித்து விளையாடும். வலி தெரியாது. சாயங்காலம் உதடு வீங்கிப் புண்ணானதும், "டாக்டர் ஊசியைத் தப்பாப் போட்டுட்டார்" என்று திரும்பி வருபவர்கள் உண்டு. மரப்பு போகும்வரை சாப்பிடக் கொடுக்காமல், பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்ளுங்கள்.